டர்போ பைத்தியம்

உங்கள் டீசல் காரின் பானெட்டைத் திறந்தால், எஞ்சினை ஒட்டி, ஒரு துருப்பிடித்த தகரக் கவசத்தின் மறைவில் ஒரு சக்கரம் இருக்கிறது. குறுக்களவு 4 சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். திருமயம் தாண்டி ஒரு வைக்கோல் லாரியை முந்துவதற்காக ஆக்சிலேட்டரை அழுத்துகிறீர்கள் பாருங்கள், அப்போது அது நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றை எட்டுகிறது. வினாடிக்கு மூவாயிரத்துச் சொச்சம்! அதன் விளிம்பு வினாடிக்கு 400 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. நம் ஊர்க் காற்றில் ஒலியே 350 மீட்டர்தான் போகும். ஒலியை முந்தி ஓடும் ஒன்றை வைத்துக்கொண்டுதான் நாம் பிள்ளையார்பட்டிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துகொண்டிருக்கிறோம்!

அந்தச் சக்கரம் இருப்பதுதான் டர்போ. அதைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு வாய் ஓயாது. வீட்டில் இந்தப் பேச்சுக்குத் தடை இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் காரை நான் வாங்கும்போதே ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருந்தது. முதலில் இழுவை குறைந்தது. மேம்பாலம் ஏறினால் மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டும். பிறகு ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் மெல்லிய ஊளைச் சத்தம். அப்புறம் பின்னால் நீலப் புகை. எஞ்சின் ஆயில் அளவுகோலில் எண்ணெய் வாரத்துக்கு வாரம் இறங்கியது. டர்போ சாகும்போது சொல்லிவிட்டுத்தான் சாகிறது. காது கொடுத்துக் கேட்கிறவர்கள் குறைவு.

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறை. அங்கே இருக்கும் மேஸ்திரி அண்ணன் லாரி டர்போக்களில் கைதேர்ந்தவர்.

"டர்போ போயிருச்சாண்ணே?"

"போயிருச்சான்னு கேக்காதீங்க தம்பி. யாரு போக வச்சான்னு கேளுங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்கே நான் அவருக்குக் கூலியை இரட்டிப்பாகக் கொடுத்திருப்பேன். டர்போ தானாகச் சாவது அபூர்வம். எண்ணெய் கிடைக்காமல், அழுக்கு எண்ணெய் குடித்து, ஏர் ஃபில்டர் கிழிந்து மண்ணைத் தின்று, எங்கோ கழன்ற திருகாணியை விழுங்கி, இப்படி எல்லாமே பிறர் செய்யும் கொலை. கொலைகாரனைப் பிடிக்காமல் புது டர்போவை மாட்டினால் அதுவும் சில மாதங்களில் அதே வழியில் போய்ச் சேரும்.

காற்று வரும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே விரலை விட்டுச் சக்கரத்தின் நட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். "பக்கவாட்டுல லேசா ஆடும். அது இருக்கணும். உள்ள-வெளிய ஆடக் கூடாது." எங்களுடையது உள்ளே-வெளியே 'டக் டக்' என்றது. இறகுகளின் ஓரம் கூட்டில் உரசி, அலுமினியம் பளபளவென்று சீவியிருந்தது. ஊளைச் சத்தம் அங்கிருந்துதான்.

பக்கவாட்டில் ஏன் ஆட வேண்டும்? இங்கேதான் எனக்குப் புல்லரித்தது. சக்கரத்தைத் தாங்கும், சுண்டுவிரலைவிட ஒல்லியான ஷாஃப்டுக்குச் சாதாரண கார்களில் பால் பேரிங் கிடையாது. பித்தளை நிறத்தில் இரண்டு சின்ன புஷ். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் ஒரு எண்ணெய்ப் படலம். புஷ்ஷுக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையில் இன்னொரு படலம். ஷாஃப்ட் சுற்றும்போது புஷ்ஷும் கூடவே, அதைவிட மெதுவாகச் சுற்றும். வண்டி ஓடும்போது உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை! அந்த இடைவெளிதான் எஞ்சின் நிற்கும்போது ஆட்டமாகத் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு நல்ல டர்போவை 'ஆடுது' என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. முன்பின் ஆட்டத்தைத் தடுக்க த்ரஸ்ட் பேரிங் என்று ஒரு தட்டையான வில்லை. அதற்கு அனுமதிக்கப்பட்ட ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். எங்களுடையதில் அந்த வில்லை தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது.

பிரித்து மேசையில் வைத்தபோது மூன்றே பகுதிகள். ஒரு பக்கம் வார்ப்பிரும்புச் சுருள் கூடு. எஞ்சின் கக்கும் புகை இதில்தான் நுழைகிறது. மறுபக்கம் அலுமினியச் சுருள் கூடு. காற்றை உறிஞ்சி அழுத்தும் பக்கம் இது. நடுவில் 'கோர்' என்று எல்லோரும் சொல்லும் பகுதி. ஷாஃப்டும் புஷ்களும் இரண்டு சக்கரங்களும் அதில். புகைப்பக்கத்துச் சக்கரம் நிக்கல் கலப்புலோகம். டீசல் வண்டியில் 700, 800 டிகிரிப் புகை அதன்மேல் அடிக்கிறது. அங்கிருந்து ஒரு சாணுக்கும் குறைந்த தூரத்தில் மறுமுனையின் அலுமினியச் சக்கரம் வெளிக்காற்றை இழுக்கிறது. ஒரே ஷாஃப்டின் இரண்டு முனைகள்!

இது எதற்கு? டீசலை எரிக்கக் காற்று வேண்டும். எஞ்சின் தானாக மூச்சிழுத்தால் சிலிண்டர் கொள்ளளவுக்குத்தான் காற்று கிடைக்கும். அதிலும் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் 40 டிகிரிக் காற்று, 10 டிகிரிக் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு மெலிந்தது. ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். அதே சிலிண்டருக்குள் காற்றை அமுக்கித் திணித்தால் கூடுதல் டீசலை எரிக்கலாம். திணிப்பதற்கான சக்தி எங்கிருந்து வரும்? நாம் எரிக்கும் டீசலின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக வீணாக வெளியே போகிறது. அந்த வீண்புகைதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. என் காருக்கு நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: முழு மிதியில் அந்தக் காற்றுச் சக்கரம் மட்டும் 8, 9 எச்பி வேலை செய்கிறது. நம் வயற்காட்டுக் கிணறுகளில் ஓடுவதே 5 எச்பி மோட்டார்தான். அப்படிக் கிட்டத்தட்ட இரண்டு மோட்டார், உள்ளங்கையில் அடங்கும் சக்கரத்தில், அதுவும் புகையில்!

அழுத்தினால் காற்று சுடும். 35 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் அது நூறு டிகிரியைத் தாண்டிவிடும். சுட்ட காற்று மறுபடி மெலியும். பட்ட பாடு வீண். அதனால் நடுவில் இன்டர்கூலர். பம்பருக்குப் பின்னால் ரேடியேட்டர் மாதிரி இருக்கும் அதைப் பலர் ஏசி சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அழுத்தம் எல்லை மீறாமல் இருக்க வேஸ்ட்கேட் என்று ஒரு சின்னக் கதவு. அழுத்தம் ஏறியதும் ஆக்சுவேட்டர் என்ற கருவி ஒரு கம்பியால் அதைத் திறந்து கொஞ்சம் புகையைச் சக்கரத்தில் படாமல் வெளியே விட்டுவிடும். இன்னும் வசதியான வண்டிகளில் கதவுக்குப் பதில் சக்கரத்தைச் சுற்றி அசையும் இதழ்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது இதழ்கள் நெருங்கி, வழியைக் குறுக்கி, புகையை வேகமாகப் பாய்ச்சும். நம் சாலைகளில் லட்சக்கணக்கில் ஓடிய 1248 சிசி ஃபியட் மல்டிஜெட் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். இதழ் இல்லாத டர்போ வைத்தால் 75 குதிரைத் திறன். இதழ் டர்போ வைத்து அதற்கேற்ப டியூன் செய்தால் 90. சிசி கூடவில்லை!

இந்த யோசனை ஆல்ஃபிரட் பியூக்கி என்ற சுவிஸ் எஞ்சினியருடையது. 1905இல் காப்புரிமை வாங்கினார். அப்போது அவருக்கு 26 வயது. கையில் தாள் இருந்தது. அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகம் இல்லை. உருப்படியாக ஓடவைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. 1920களில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் அவருடைய டர்போ ஏறியது. 1,750 குதிரைத் திறன் எஞ்சின் 2,500 கொடுத்தது. இதற்கிடையில் அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்பவர் 1918இல் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, 14,000 அடிக்கு மேல் உயரமான பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோனார். தரைமட்டத்தில் 350 குதிரைத் திறன் கொடுத்த எஞ்சின் அங்கே மூச்சுத் திணறி 230க்கு இறங்கியது. டர்போவை மாட்டினார்; 356! மலைமேல் நின்று அந்த மீட்டர் முள்ளைப் பார்த்தவர்கள்மேல் எனக்கு இன்றுவரை பொறாமை. லாரிக்கு வந்தது 1938இல், சௌரர் என்ற சுவிஸ் கம்பெனி மூலம். ஆல்ப்ஸ் மலை ஏற வேண்டியவர்களுக்குத்தானே இதன் அருமை தெரியும். 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் காருக்குப் பெட்ரோலோடு தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தையும் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டியிருந்தது. ஊற்ற மறந்தவர்கள் வண்டியைக் குறை சொன்னார்கள். டீசல் பயணிகள் காருக்கு டர்போ வந்தது 1978இல், மெர்சிடிஸ் 300 எஸ்டியில்.

நம் ஊருக்கும் இதில் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. காரைக்குடிக்குக் கல்லூரிகளையும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நிலத்தையும் பணத்தையும் கொடுத்த வள்ளல் அழகப்பச் செட்டியார் விமானம் ஓட்டக் கற்றவர். ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனியையும் நடத்தினார். அந்தக் காலத்து டகோட்டா விமான எஞ்சின்களிலும் காற்றை அமுக்கும் சக்கரம் உண்டு. ஆனால் அது புகையில் சுழலவில்லை. கிராங்க் ஷாஃப்டிலிருந்து பல்சக்கரம் போட்டு எடுத்த சூப்பர்சார்ஜர். அமுக்கிக் கொடுத்ததில் ஒரு பங்கை எஞ்சினிடமே திரும்ப வாங்கிக்கொள்ளும். டர்போ அவ்வளவு கேட்காது. அதனால் எனக்கு டர்போவே ஒசத்தி.

சரி, பட்டறைக்கு வருகிறேன்.

தேய்ந்த புஷ்ஷை மட்டும் லேத்தில் கடைந்து போட்டால் என்ன என்று பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார். பழைய லாரி டர்போக்களுக்கு ரிப்பேர் கிட் வாங்கி, புஷ், த்ரஸ்ட், ரிங் எல்லாம் மாற்றிக் கையாலேயே பூட்டியவர்தான் நம் அண்ணன். ஆனால் சின்ன கார் டர்போவுக்கு அதைச் செய்ய மாட்டேன் என்கிறார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது காரணம் புரிந்தது. 2 லட்சம் சுற்றில், மையத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி ஒரே ஒரு மில்லிகிராம் எடை கூடியிருந்தால், அது ஏறத்தாழ 670 கிராம் கனத்தோடு ஷாஃப்டை வெளியே இழுக்கும். ஒரு மில்லிகிராம்! அதனால் கோரை முழுசாக, வேகத்தில் சுழற்றி எண்ணெய் கொடுத்துச் சமன் பார்க்கும் எந்திரத்தில் ஏற்றித்தான் எடுக்க வேண்டும். சமன் செய்ததற்கு அடையாளமாக நட்டின் ஓரத்தில் சின்னதாகச் சீவிய தடம் இருக்கும். புது கோர் மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. கூடவே சமன் பார்த்த வரைபடம் ஒரு தாளில். பிள்ளையின் மார்க் ஷீட்டைக்கூட நான் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

முழு டர்போவாக வாங்கினால் ஆகும் செலவில் பாதிகூட ஆகவில்லை. நம் தமிழ்நாட்டிலேயே, பையனூரில் டர்போ எனர்ஜி போன்ற தொழிற்சாலை இருக்கிறது. நல்ல பொருளுக்குப் பஞ்சமில்லை. பெட்டி மட்டும் அழகாக இருக்கும் மலிவுக் கோர்களைத்தான் தாண்டிப் போக வேண்டும்.

அண்ணன் வேலை செய்யும் அழகைப் பார்க்க வேண்டும். பிரிக்கும் முன்பே மூன்று பகுதிகளுக்கும் குறுக்கே ஊசியால் கோடு கீறிவிட்டார். திரும்பப் பூட்டும்போது எண்ணெய் வடியும் துளை நேர்க்கீழே பார்க்க வேண்டுமே! ஆக்சுவேட்டர் கம்பியின் நட்டில் கை வைக்க விடவில்லை. அந்த நீளம் மாறினால் வேஸ்ட்கேட் திறக்கும் அழுத்தமே மாறிவிடும். கோரைச் சக்கரத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கூட்டின் உள்சுவரில் கரியைச் சுரண்டும்போது துளி பிசிறுகூட உள்ளே தங்கக் கூடாது.

பிறகு கொலைகாரனைத் தேடும் படலம். எண்ணெய் வரும் மெல்லிய இரும்புக் குழாய் புகைக் குழாயை ஒட்டிப் போகிறது. அதைக் கழற்றி ஒரு முனையில் ஊதச் சொன்னார். ஊதினேன். மறுமுனையில் காற்றே வரவில்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் வந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே கரி! எனக்கு முன் வண்டி வைத்திருந்தவர் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டிருக்கிறார். வேகமாக ஓட்டிவந்து உடனே சாவியையும் அணைத்திருக்கிறார். என் கார் டர்போவுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கிடையாது. எண்ணெய்தான் வழவழப்பும், எண்ணெய்தான் குளிர்ச்சியும். எஞ்சின் நின்றால் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். சுட்ட இரும்புக்குள் நின்ற எண்ணெய் அங்கேயே கருகிக் கரியாகும். எஞ்சினடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பை இறக்கினோம். சல்லடையில் கறுப்புக் களிம்பு. "பாத்தீங்களா, இவந்தான்" என்றார் அண்ணன், போலீஸ்காரர் தோரணையில்.

புதுக் குழாய், புது ஆயில், புது ஃபில்டர். வடிகுழாயையும் விடவில்லை. டர்போவிலிருந்து எண்ணெய் நுரையாக, தன் எடையால் மட்டுமே கீழே வடிகிறது. அங்கே அடைப்பு இருந்தால் எண்ணெய் மேலே தேங்கி இரண்டு பக்கமும் கசியும். உள்ளே ரப்பர் சீல் கிடையாது. பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய உலோக வளையம்தான். 'சீல் போச்சு' என்று பலர் டர்போவைப் பழிக்கும்போது உண்மையில் அடைத்திருப்பது வடிகுழாய். அதனால்தான் அந்த இணைப்பில் கேஸ்கெட் பேஸ்ட் அப்பக் கூடாது. பிதுங்கிய பேஸ்ட் உள்ளே விழுந்து அதே வேலையைச் செய்யும்.

இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தபோது அதிலிருந்து எண்ணெய் கொட்டியது. இதைச் சுத்தம் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே எரிபொருளாக இழுத்துக்கொண்டு தறிகெட்டு அலறும். சாவியை அணைத்தாலும் நிற்காது! காற்று போகும் வழியை அடைக்க வேண்டும். கையால் அடைக்கப் போனால் கை போய்விடும். கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி, கிளட்சை விட்டு மூச்சடைக்க வைப்பதும் உண்டு. இதைப் பட்டறைக்காரர்கள் சொல்லக் கேட்கும்போது பேய்க்கதை கேட்பதைவிடத் திகிலாக இருக்கும்.

எல்லாம் பூட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்துவிடவில்லை. எண்ணெய்க் குழாயை மாட்டும் முன் அந்தத் துளையில் சிரிஞ்சால் புது ஆயில் ஊற்றி, என் விரலாலேயே சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். முதலில் லேசாக, பிறகு வழுவழுவென்று. இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றி வைத்து, எஞ்சின் பற்றாமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டோம். ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் உண்மையான ஸ்டார்ட். ஐந்து நிமிடம் ஐடிலில், யாரும் ஆக்சிலேட்டரைத் தொடக் கூடாது. புகை இல்லை. ஊளை இல்லை.

கோட்டையூர் தாண்டி, ரோடு காலியாக இருந்த இடத்தில் மிதித்தேன். ஆஹா! 1,800 சுற்றைத் தாண்டியதும் முதுகு சீட்டில் பதிந்தது. பானெட்டுக்குள்ளிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீரான இழுப்பு. உடைந்த டர்போவின் ஊளை அல்ல, ஆரோக்கியமான டர்போவின் மூச்சு. ஜன்னலை இறக்கி, ஏசியை அணைத்து, பாட்டை நிறுத்தி அதையே கேட்டுக்கொண்டு திருமயம் கோட்டைவரை போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். அவரிடம் பேசிப் பயனில்லை.

இப்போதெல்லாம் எந்த வண்டியைப் பார்த்தாலும் காதுதான் முதலில் போகிறது. காரைக்குடி ஜங்ஷனில் டீசல் எஞ்சின்கள் ஓடிய காலத்தில், ரயில் புறப்படும்போது கரும்புகை கக்கியது நினைவிருக்கிறதா? பழைய ஆல்கோ எஞ்சின்களில் டீசல் முதலில் வந்துவிடும், டர்போ வேகமெடுத்துக் காற்றைக் கொடுக்கச் சில நொடி பிந்தும். அந்த இடைவெளிதான் அந்தப் புகை. பின்னால் வந்த இஎம்டி எஞ்சின்கள் டூ-ஸ்ட்ரோக். காற்றைத் தள்ளாமல் அவற்றால் ஓடவே முடியாது. அதனால் மெதுவாக ஓடும்போது டர்போவைக் கிராங்க் ஷாஃப்டே பல்சக்கரம் வைத்துச் சுழற்றும்; புகைக்குப் போதிய வலு வந்ததும் ஒரு கிளட்ச் தானாக விட்டுவிட, டர்போ சொந்தக் காலில் ஓடும். அழகப்பர் காலத்துச் சூப்பர்சார்ஜரும் பியூக்கியின் டர்போவும் ஒரே உடம்பில்! பொன்மலையில் அதைப் பிரித்து வேலை பார்த்த ஆட்கள் யாராவது கிடைத்தால், சாப்பாடு என் செலவு, நாள் முழுக்க உட்கார்ந்து கேட்கத் தயார்.

நெடுஞ்சாலையிலிருந்து வந்து நின்றால் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுத்தான் அணைக்கிறேன். கோயில் வாசலில் வீட்டார் முறைக்கிறார்கள், முறைக்கட்டும். ஆயிலைப் புத்தகத்தில் போட்ட கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுகிறேன். செத்த கோரை அண்ணன் பழைய இரும்புக்குப் போட இருந்தார். கேட்டு வாங்கி வந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கையில் கொடுத்து, சுழற்றச் சொல்லி, 2 லட்சம் என்கிறேன். நம்ப மாட்டேன் என்கிறார்கள். உட்காரவைத்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வருகிற ஞாயிறு அண்ணன் ஒரு அறுவடை எந்திரத்தின் டர்போவைப் பிரிக்கிறாராம். உள்ளே வைக்கோல் தூசி எவ்வளவு இருக்கும் என்று பார்க்கலாம், வாரீங்களா என்று போன் போட்டார். மச்சானையும் கூட்டிப் போகிறேன்.